எந்த டம்ளர்? பசுமை மனசும் சாதி மனசும்

2019 அக்டோபர் 12. சீன அதிபர் ஷி ஜின்பிங்கோடு மாமல்லபுரத்தில் சந்திப்பு நடத்த வந்திருந்த பிரதமர் நரேந்திர மோடி, தான் தங்கியிருந்த கோவளம் ஓட்டலை ஒட்டிய கடற்கரையில் காலையில் நடந்தபடி பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கினார். அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பொறுக்கினார். படம் பிடித்தார்கள். அவரே அதை வெளியிட்டார். சேகரித்த மூட்டையை ஓட்டல் ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்ததாகவும் அவரே எழுதினார். பாராட்டி எழுதிய பலரும் இந்தக் கடைசி வரியில் நிற்கவில்லை. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. மூட்டை கை மாறியது. அப்புறம் அது எங்க போச்சு? யார் பிரிச்சாங்க? எந்த ஊர் ஓரத்தில் கொட்டினாங்க? அந்த இடத்துக்குக் கேமரா போகவில்லை. போகாது.

பிரதமர் குனிந்தது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நாட்டை ஆளுகிறவர்கள் எல்லாரும் வாரத்துக்கு ஒருவாட்டி குனியட்டும், முதுகுக்கு நல்லது. என் கேள்வி வேறு. குப்பை பொறுக்குகிறவனுக்கு நம் மொழி வைத்திருக்கும் பேர் 'பொறுக்கி'. அது வசவு. சண்டையில் எடுத்ததும் வாயில் வருகிற வசவு. பிரதமர் பொறுக்கினால் அதற்குப் பேர் 'பிளாகிங்', ஸ்வீடனிலிருந்து இறங்கிய சொல். அதே கடற்கரை, அதே பாட்டில், அதே குனிதல். ஒருத்தனுக்கு வசவு, ஒருத்தருக்கு வாழ்த்து. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல், மனிதர்கள் ஏன் சூழலுக்கு இசைவாக நடக்கிறார்கள், ஏன் நடப்பதில்லை என்று பேசுகிற எந்த உளவியலும் நம் நாட்டைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை என்பதுதான் என் வாதம்.

முதலில் அந்த உளவியல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதன் அடிப்படைக் கேள்வி இது: பூமி சூடாகிறது, பிளாஸ்டிக் கெடுதி, தண்ணீர் தீர்ந்துபோகும் என்றெல்லாம் தெரிந்தும் மனிதர் நடத்தை ஏன் மாறுவதில்லை? அறிவுக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்கிறார்கள். அந்தப் பள்ளத்தை அறிவுரையால் தூர்க்க முடியாது, அக்கம்பக்கத்தான் என்ன செய்கிறான் என்பதைக் காட்டித்தான் தூர்க்க முடியும் என்கிறார்கள்.

இதற்கு அவர்கள் காட்டும் பேர்போன சான்று ஓட்டல் துண்டு பற்றியது. கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் ஆகிய மூவரும் அமெரிக்க ஓட்டல் ஒன்றில் சோதனை செய்து 2008இல் வெளியிட்டார்கள். 'சுற்றுச்சூழலைக் காக்க உங்கள் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' என்று குளியலறையில் அட்டை வைத்தபோது சுமார் 35 விழுக்காடு விருந்தினர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். 'இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள்' என்று அட்டையை மாற்றியதும் அது 44 விழுக்காடாக ஏறியது. இயற்கையை நேசித்து அல்ல, அடுத்தவனைப் பார்த்துத்தான் மனுசன் மாறுகிறான். கிரிஸ்கெவிசியஸும் வேறு இருவரும் 2010இல் இன்னொன்றையும் காட்டினார்கள். அந்தஸ்து பற்றிய நினைப்பைத் தூண்டிவிட்டால் ஆட்கள் 'பசுமைப் பொருளை' அதிகம் விரும்புகிறார்கள். அதுவும் நாலுபேர் பார்க்க வாங்கும்போதுதான். தனியாக வாங்கும்போது அந்த விருப்பம் அப்படி ஏறுவதில்லை. விலை கூடுதலாக இருந்தால் இன்னும் இழுக்கும். ஏனென்றால், 'என்னால் முடியும்' என்று காட்டுவதும் அதில் அடக்கம்.

நல்லது. இவை உபயோகமான ஆய்வுகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஆய்வில் துண்டைப் பயன்படுத்துகிறவர் மட்டும்தான் ஆள். துண்டைத் துவைக்கிறவர் ஆய்வுக்குள் வரவேயில்லை. அவருக்கு மனசும் இல்லை, உளவியலும் இல்லை.

எங்க சித்தி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறது. அந்த ஓட்டலிலும் அதே மாதிரி அட்டை உண்டு. தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் அட்டை, இங்கிலீஷில். சித்திக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சித்தி சொன்னது: "நம்ம காலனிக்கு நாலு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி வுடறான். எட்டு கொடம் புடிக்கறதுக்குள்ள நின்னுபூடுது. எனக்கு எவன்டா அட்ட வெச்சான், தண்ணிய பாத்து செலவு பண்ணுன்னு?" நீச்சல்குளமும் புல்தரையும் வைத்திருக்கிற இடத்தில் 'தேர்வு' இருக்கிறது. எட்டுக் குடத்தில் குளித்துத் துவைத்துச் சமைக்கிற வீட்டில் தேர்வு கிடையாது, கணக்குதான் உண்டு. முன்னதற்குப் 'பசுமை வாழ்க்கை' என்று பேர். பின்னதற்கு வறுமை என்று பேர். குறைந்த தண்ணீர், குறைந்த மின்சாரம், கிழிந்ததைத் தைத்துப் போடுவது, ஒரு சைக்கிளில் மூணு தலைமுறை ஓட்டுவது, பழைய இரும்பைப் பொறுக்கி விற்பது என்று இந்தச் சூழலியலை நம்ம சனங்க ரொம்ப காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் மேடையேற்றி மாலை போட்டதில்லை.

பொருளுக்கும் இதே கதிதான். மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 'மஞ்சப்பைக்காரன்' என்றால் பட்டிக்காட்டான், ஊருக்குப் புதுசு, நாகரிகம் தெரியாதவன். சினிமாவில் சிரிப்பதற்கு அவன்தான். 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதே பை இப்போது விழிப்புணர்வின் சின்னம். பை மாறவில்லை, பிடித்த கை மாறியது. திட்டம் நல்ல திட்டம்தான். அதை நான் எதிர்க்கவில்லை. கேலிக்குரிய பை ஒரே நாளில் மரியாதைக்குரியதாக முடிகிறதே, எப்படி? மேலே இருப்பவன் தொட்டால் பொருள் உயரும், கீழே இருப்பவன் தொட்டால் தாழும். இந்த விதிக்கு என்ன பேர் என்று நமக்குத் தெரியும். ஆய்வாளர்கள் இதை 'அந்தஸ்து' என்று எழுதுகிறார்கள். நம்ம ஊரில் இதற்குச் சாதி என்று பேர்.

இப்போது டீக்கடைக்கு வருவோம். கதையின் கரு அங்கேதான் இருக்கிறது.

இரட்டைக் குவளை பற்றி இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊர்க்காரனுக்குப் பெஞ்சு, கண்ணாடி டம்ளர். நமக்குத் தரை, கொட்டாங்குச்சி அல்லது தகர டம்ளர். குடித்ததும் நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அடித்துப் பிடித்துப் போராடி, கடைக்காரன்மேல் வழக்குப் போட்டு, பல ஊர்களில் கொட்டாங்குச்சியை உடைத்தோம். அப்போது கடைக்காரன் என்ன செய்தான்? நமக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் வாங்கி வைத்தான். ஊர்க்காரனுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரனுக்கு யூஸ் அண்ட் த்ரோ. போலீஸ்காரன் வந்து கேட்டால், 'சார், சுத்தமா இருக்கணும்னுதான்' என்றான். இரட்டைக் குவளையின் இந்தப் புது அவதாரத்தைத் தமிழ்நாட்டில் நடந்த கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இன்னும் சில ஊர்களில் எல்லாருக்குமே கப் என்று ஆக்கிவிட்டான். ஒரே டம்ளரில் வாய் வைப்பதைவிட ஊர் முழுக்கக் குப்பையாவது மேல் என்று அவன் மனசு தீர்ப்புச் சொல்லியது.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். டீ குடிப்பதில் சூழலுக்கு மிக இசைவான வழி எது? கழுவிக் கழுவிப் பல்லாயிரம் பேர் குடிக்கக்கூடிய ஒரு கண்ணாடி கிளாஸ். அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம், வெளிநாட்டுக் கடன் வேண்டாம், விழிப்புணர்வு முகாம் வேண்டாம். கிளாஸ் ஏற்கெனவே கடையில் இருக்கிறது. அந்தக் கிளாசுக்கும் நம்ம உதட்டுக்கும் நடுவில் நிற்பது எது? பிளாஸ்டிக் மோகமா? அறியாமையா? சோம்பேறித்தனமா? ஒன்றுமில்லை. தீட்டு. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள் தடை செய்யப்பட்டன. தடையை வரவேற்கிறேன். ஆனால் அரசாணை எழுதியவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது: கப்பை எடுத்துவிட்டால் எந்த டம்ளருக்குத் திரும்பச் சொல்கிறீர்கள்? ஒரே டம்ளருக்கா, ரெண்டு டம்ளருக்கா? இந்தக் கேள்வி இல்லாத சூழல் கொள்கை நம்மைப் பழைய கொட்டாங்குச்சிக்கே கூட்டிப்போகும். சொன்னால் சிரிப்பீர்கள், கொட்டாங்குச்சியைப் பளபளவென்று தேய்த்துக் 'இயற்கைக் கோப்பை' என்று இப்போது கைவினைப் பொருளாக விற்கிறார்கள். நம் தாத்தன் கையில் அது அவமானம். சுற்றுலாப் பயணி கையில் அது ரசனை.

இங்கிலீஷில் 'பொல்யூஷன்' என்ற ஒரே சொல் தீட்டுக்கும் மாசுக்கும் பொதுவாக இருக்கிறது. தமிழில் ரெண்டு சொல். மனசில் மட்டும் ஒன்று. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் அவரோடு குடித்தார்கள். மாடு இறங்கிக் குடித்த குளம் அது. அப்போதெல்லாம் கெடாத தண்ணீர் நாம் குடித்ததும் கெட்டுப்போனதாம். அப்புறம் சாணி, மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். குடிநீரில் சாணியைக் கலப்பது தூய்மை, தாகத்துக்கு மனுசன் வாய் வைப்பது மாசு என்று நம்பும் ஒரு சமூகத்தில், 'சுற்றுச்சூழல் தூய்மை' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ரெண்டுவாட்டி யோசிக்கத்தான் வேண்டும்.

இது வெறும் வசைபாடல் அல்ல என்று காட்டக் கணக்கும் இருக்கிறது. 2013-14இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா ஆகிய ஐந்து மாநிலக் கிராமங்களில் சுமார் 3,200 குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதைச் செய்தவர்களில் டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். வேலை செய்கிற கழிப்பறை இருக்கும் வீடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியேதான் போனார். ஏன்? தண்ணீர் இல்லாததாலா, பணம் இல்லாததாலா, படிப்பு இல்லாததாலா என்று அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நின்றது தீட்டு. அரசு சொன்ன சிறிய இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். ஒரு வருசம் கழித்து மூடிய குழியைத் திறந்தால் உள்ளே இருப்பது மண், எரு. நாற்றம் கிடையாது, கிருமி பயம் கிடையாது. தண்ணீர் குறைவு, செலவு குறைவு, மண்ணுக்கு உரம். சூழலுக்கு இதைவிட இசைவான கழிப்பறை இல்லை. அதை வேண்டாம் என்று சொன்னார்கள். 'நிரம்பினா யாரு அள்றது? நாங்களா அள்றது?' அதனால் கட்டினால் வாழ்நாள் முழுக்க நிரம்பாத பெரிய தொட்டியாகக் கட்ட வேண்டும், முடியாவிட்டால் வயல்காடுதான்.

2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளியில் அப்படியொரு குழிக்குள் இறங்கித் தன் கையால் எருவை அள்ளிக் காட்டினார். நாட்டுக்கே செய்தி. காய்ந்த மண்ணை ஒரு பெரிய அதிகாரி தொட்டது செய்தி. ஈர மலத்துக்குள் இறங்கி நம்ம பிள்ளைகள் செத்தால் அது உள்பக்கத்தில் நாலு வரி.

தமிழ்நாடு வடநாடு இல்லை, இங்கே பெரியார் மண் என்று சிலர் கிளம்புவார்கள். சரி, இருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் செத்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த மாநிலவாரிக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையிலேயே இருந்து வந்திருக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. பங்களாக்காரனுக்கும் ஓட்டல்காரனுக்கும் தொட்டி நிரம்பியதும் ஒரு போன் போட்டால் போதும். தான் பெய்ந்ததை அள்ள ஒருத்தன் பிறந்திருக்கிறான் என்ற நிம்மதி அவன் மனசில் இருக்கிறது. அந்த நிம்மதி இருக்கும்வரை அவனுக்கு எந்தச் சூழல் பாடமும் ஏறாது.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடு என்று 2016ஆம் வருசத்துத் திடக்கழிவு விதிகள் சொல்லின. பச்சை வாளி, நீல வாளி கொடுத்தார்கள். பாட்டு போட்டுக்கொண்டு வண்டி வருகிறது. இருந்தும் படித்த தெருக்களில்கூடச் சோறும் சானிட்டரி நாப்கினும் கண்ணாடிச் சில்லும் ஒரே பையில் வருகிறது. பிரிக்கத் தெரியாமலா? பிள்ளைக்கு அமெரிக்கா போகப் படிவம் நிரப்பத் தெரிகிறவர்களுக்கு ரெண்டு வாளி தெரியாதா? பிரிக்க வேண்டுமானால் தொட வேண்டும். தொடுவதற்குத்தான் அவள் வருகிறாளே! கண்ணாடிச் சில்லு கிழிப்பது அவள் கையைத்தானே! 'துப்புரவு' என்ற பேரை எடுத்துவிட்டுத் 'தூய்மைப் பணியாளர்' என்று எழுதியாயிற்று. சொல்லுக்கு ரோஜாப்பூ வாசனை வந்துவிட்டது. கைக்கு உறை வரவில்லை, வேலைக்கு நிரந்தரம் வரவில்லை.

இன்னொரு மோசடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நீதான் குப்பை போடுகிறாய், நீ மாறு' என்று தனிமனிதனைக் குத்தும் பிரச்சாரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1953இல் பாட்டில், டப்பா, பானக் கம்பெனிகள் பின்னால் நின்று 'அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. 1971இல் அது ஒரு விளம்பரம் எடுத்தது. குப்பையைப் பார்த்து ஒரு செவ்விந்தியர் கண்ணீர் விடுவார். நாடே உருகியது. நடித்தவர் செவ்விந்தியரே இல்லை, இத்தாலி வம்சாவளி நடிகர். காலிப் பாட்டிலைக் கம்பெனியே திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டம் கேட்டவர்களை எதிர்த்து நின்றதும் இதே கூட்டம்தான். 2000த்தின் நடுவில் பிரிட்டிஷ் பெட்ரோலிய கம்பெனியான பீ.பீ., 'உன் கார்பன் காலடித் தடம் எவ்வளவு?' என்று சாதாரண சனங்களைக் கணக்குப் பார்க்கச் சொன்னது. எண்ணெய் தோண்டுகிறவன் கேட்கிறான், பைக்கில் போகிறவனைப் பார்த்து! நம்ம நாட்டில் இந்தச் சங்கிலிக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. கம்பெனி தன் குற்றத்தைத் தனிமனிதன் தலையில் கட்டுகிறது. தனிமனிதன் அதைச் சேரியின் தலையில் கட்டுகிறான். அதற்குக் கீழே கட்ட ஆளில்லை. அதனால் குப்பைமேடு எங்க காலனி ஓரத்தில் நிற்கிறது. புகை எங்க பிள்ளைகள் நெஞ்சில் போகிறது. கோவளம் கடற்கரைக்கு 2021இல் சர்வதேச 'நீலக்கொடி' தகுதி கிடைத்தது. மகிழ்ச்சி. அந்தச் சுத்தம் யாருடைய கைவேலை, அள்ளிய குப்பை எந்தக் காலனிக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று கேட்க ஒரு கொடி இன்னும் தைக்கப்படவில்லை.

தேர்வு என்றால் முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். செங்கல்பட்டு மண்ணில் நமக்கு என்ன இருந்தது, என்ன ஆயிற்று? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்கிறார்கள். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் நம்மவர்க்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில்? கேட்டதற்குத்தான் 1994இல் காரணையில் நடந்தது. பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அகற்றினார்கள். கேட்கப் போன மக்கள்மீது அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். இன்று இதே மாவட்டத்தில் 'இயற்கையோடு வாழுங்கள்' என்று பண்ணை மனை விற்கிறார்கள். வாரக் கடைசியில் வந்து ரெண்டு கத்தரிச்செடி நட்டுப் போவது பசுமை உணர்வாம். என்ன நடுவது, எந்தக் குளத்தைத் தூர்வாருவது, எந்த உரம் போடுவது என்று தீர்மானிக்க நமக்கும் ஆசைதான். நிலத்தைக் கொடு, தீர்மானிக்கிறோம். நிலமில்லாதவனிடம் இயற்கை விவசாயம் பற்றி வகுப்பெடுப்பது, பட்டினி கிடக்கிறவனிடம் விரதத்தின் மகிமை பேசுவது மாதிரி.

கையில் உரிமையும் கூலியும் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்த இருளர்களின் பிழைப்பு, 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அடைபட்டது. சட்டம் பாம்பைக் காத்தது, இருளரைக் காக்கவில்லை. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாடெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த விஷம் அடிப்படை. பாம்பைக் கொல்லாதே என்று இருளருக்கு யாரும் உளவியல் பாடம் எடுக்கவில்லை. அவர்கள் அறிவுக்கு விலை வந்தது, சங்கம் அவர்கள் பேரில் வந்தது. பாம்பும் பிழைத்தது, அவர்களும் பிழைத்தார்கள். எல்லா இருளருக்கும் விடிந்துவிடவில்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாய்க் கிடந்து மீட்கப்பட்டவர்கள் இதே மாவட்டத்துக்காரர்கள்தான். ஆனாலும் வழி எது என்று அந்தச் சங்கம் காட்டியிருக்கிறது.

இனி நம்ம ஆட்களிடம் ரெண்டு வார்த்தை.

இயக்கத்தில் சிலர், 'சூழல், பசுமை எல்லாம் மேல்சாதிக்காரன் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்கு?' என்கிறார்கள். கோபம் நியாயம், முடிவு தப்பு. குப்பைமேட்டுப் புகை நம்ம வீட்டுக்குள் வருகிறது. விஷவாயு நம்ம தம்பியைக் கொல்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துப் பிணங்களை அள்ள வேறு ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றிப்போனது நம்ம ஆட்களை. சூழல் நம்ம பிரச்சினை இல்லை என்றால் வேறு யார் பிரச்சினை? அந்தச் சொல்லை அவர்களிடம் விட்டுக்கொடுத்தால், சேரியை ஏரிக்கரையிலிருந்து பிடுங்கி எறிய அதே சொல்லைத்தான் ஆயுதமாக எடுப்பார்கள்.

கல்லூரி மாணவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் போட்டுக்கொண்டு கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். போங்கள். ஆனால் அங்கே நாலு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள். இந்த மூட்டை இங்கிருந்து எங்கே போகும்? திங்கட்கிழமை இதே இடத்தை யார் கூட்டுவார், என்ன சம்பளத்துக்கு? இந்தப் பாட்டிலைச் செய்த கம்பெனி ஏன் இங்கே குனியவில்லை? உங்கள் வீட்டுக் கழிப்பறையை யார் கழுவுகிறார்? இந்த நாலாவது கேள்விக்குப் பிறகு அடுத்த வாரம் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். அதுவே பதில்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய சுற்றுச்சூழல் போராட்டங்களில் அது ஒன்று. கோடிப் பேர் நகரத்தின் குப்பையை அள்ளுகிற கை, தனக்கு நிரந்தரமும் மரியாதையும் கேட்டது. மரம் நடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நடைபாதைக்கு வந்தார்கள்?

ஆகவே நம்முடைய சூழல் அறிக்கையை நாமே எழுதுவோம். ஊருக்கு ஒரே டம்ளர், கண்ணாடி டம்ளர், குடித்தவர் யாரானாலும் கடைக்காரரே கழுவ வேண்டும். அவனவன் குப்பையை அவனவன் கையால் பிரிக்க வேண்டும், பிரிக்காத வீட்டின் குப்பையை அள்ள மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். சாக்கடைக்குள் எந்திரம் மட்டுமே இறங்க வேண்டும். பாட்டில் செய்தவன் பாட்டிலைத் திரும்ப எடுக்க வேண்டும். குப்பைமேடு சேரி ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை, ஊர் நடுவிலும் இடம் இருக்கிறது. பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும்.

இவை நடந்தால் மனசு தானாக மாறும் என்று நான் சொல்ல வரவில்லை. மனசு மாறட்டும் என்று காத்திருந்த எந்தச் சாதியும் விடுதலை அடைந்ததில்லை என்று மட்டும் சொல்கிறேன். அடுத்தவனைப் பார்த்துத்தான் மனுசன் மாறுகிறான் என்று ஆய்வே சொல்கிறதே. பார்க்கட்டும். நாளைக்கே உங்க ஊர் டீக்கடைக்குப் போங்க. பேப்பர் கப்பை நீட்டினா வாங்காதீங்க. கிளாஸ்லதான் குடிப்பேன்னு சொல்லுங்க. எந்த கிளாஸ்னு அவன் தேட ஆரம்பிச்சா, அங்கேயே உட்காருங்க.